சின்னஞ்சிறு சமரசர்கள்: வட அயர்லாந்துப் பள்ளிகளில் அமைதிக் கல்வியின் கதை

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது பிள்ளை வளர்ப்பைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே தவறாமல் வந்து நிற்கும் பழமொழி. அடித்துத் திருத்த நினைப்பவரும் இதைச் சொல்வார்; அன்பால் திருத்த நினைப்பவரும் இதையே சொல்வார். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாட்டுக் கல்வியாளர்கள் இப்பழமொழியை அறியாமலேயே அதன் வழியில் நடக்கத் தலைப்பட்டார்கள். பெரியவர்களிடையே மூண்ட பகையைப் பெரியவர்களால் தீர்க்க இயலாதபோது அவர்கள் தொடக்கப் பள்ளிகளை நோக்கிச் சென்றார்கள். கூட்டல் கழித்தலைச் சொல்லிக் கொடுப்பதைப் போல, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பிப்பதைப் போல, சண்டையைத் தீர்த்துக்கொள்ளும் திறனையும் குழந்தைகளுக்குக் கற்பித்துவிட முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள்.

அச்சோதனை நீண்ட காலமாக, கடுமையான சூழலில் நடந்த இடங்களுள் ஒன்று வட அயர்லாந்து. இலக்கியம் பேசும் இடத்தில் அயல்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். புறநானூற்றில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று பேசிய கோவூர் கிழாரைப் படித்து வியப்பவர்கள் நாம். பகைவர் இருவரிடையே சந்து செய்விக்கும் சொல்திறம் பெரும் புலவர்க்கு மட்டுமே வாய்ப்பதா, அல்லது பயிற்சியால் எவர்க்கும் கைகூடுவதா என்ற கேள்வி நமக்கும் உரியதுதானே! பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் அது கைகூடும் என்று காட்டிய ஒரு நகரத்தின் கதையையும், அது மட்டுமே போதாது என்று காட்டிய ஒரு சாலையின் கதையையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே ஊர், இரண்டு பள்ளிகள்

கதை 1831-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அயர்லாந்து முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த காலம் அது. அவ்வாண்டு அக்டோபரில் அயர்லாந்தின் தலைமைச் செயலராயிருந்த ஸ்டான்லி, அரசின் பொருளுதவியோடு 'தேசியப் பள்ளிகள்' அமைக்க வழிசெய்து ஒரு கடிதம் எழுதினார். கத்தோலிக்கக் குழந்தைகளும் புராட்டஸ்டண்டுக் குழந்தைகளும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பொதுப் பாடங்களைக் கற்க வேண்டும், சமயப் பாடத்தை மட்டும் அவரவர் தனித்தனியே கற்கலாம் என்பது அக்கடிதத்தின் சாரம். இன்று படித்தாலும் புதுமையாகத் தோன்றும் திட்டம்! ஆனால் எந்தத் திருச்சபைக்கும் இது முழுமையாக உவப்பாக இல்லை. தத்தம் குழந்தைகள் தத்தம் சமயச் சூழலிலேயே வளர வேண்டுமென்று ஒவ்வொரு சபையும் அழுத்தம் கொடுத்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான தேசியப் பள்ளிகள், பெயரளவில் பொதுப் பள்ளிகளாகவும் நடைமுறையில் ஒரே சமயத்தாரின் பள்ளிகளாகவும் ஆகிவிட்டன.

1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டது. பிரிட்டனுடன் இணைந்தே இருந்த வட அயர்லாந்துக்குத் தனி அரசு அமைந்தது. அதன் முதல் கல்வி அமைச்சரான லண்டன்டெரி பிரபு, 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக, சமயச் சார்பற்ற பொதுப் பள்ளிகளை உருவாக்க மீண்டும் முயன்றார். இம்முறையும் இரு தரப்பும் எதிர்த்தன. கத்தோலிக்கத் திருச்சபை தன் பள்ளிகளை அரசிடம் ஒப்படைக்க மறுத்தது. புராட்டஸ்டண்டுச் சபைகள் போராடி, 1925-இலும் 1930-இலும் சட்டத்தைத் திருத்தச் செய்து, அரசுப் பள்ளிகளில் விவிலியப் போதனையை இடம்பெறச் செய்தன. விளைவு என்ன? அரசுப் பள்ளி என்றால் புராட்டஸ்டண்டுப் பள்ளி என்றும், திருச்சபைப் பள்ளி என்றால் கத்தோலிக்கப் பள்ளி என்றும் ஆயிற்று. நூறாண்டுகளில் இரண்டு முறை இணைக்க முயன்று இரண்டு முறையும் பிரிந்தது பள்ளிக்கூடம். இரண்டு முறையும் பிரித்தவர்கள் பெரியவர்களே என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இப்பிரிவினையின் ஆழத்தை உணரச் சில சிறு செய்திகள் உதவும். ஆங்கில நெடுங்கணக்கின் எட்டாம் எழுத்தை 'ஏச்' என்று உச்சரித்தால் புராட்டஸ்டண்டுப் பள்ளியில் படித்தவர், 'ஹேச்' என்று உச்சரித்தால் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர் என்று அங்கே அடையாளம் கண்டுவிடுவார்கள். ஒரு பள்ளிப் பிள்ளைகள் கேலிக் கால்பந்து ஆடுவார்கள். மறுபள்ளிப் பிள்ளைகள் ரக்பியும் ஹாக்கியும் ஆடுவார்கள். ஆசிரியர்களும் தனித்தனிக் கல்லூரிகளிலேயே பயிற்சி பெற்றார்கள். பெல்ஃபாஸ்ட் நகரில் கத்தோலிக்க ஆசிரியர்களுக்குச் செயின்ட் மேரீஸ் கல்லூரி. மற்றவர்கள் பெரும்பாலும் சென்றது ஸ்ட்ரான்மில்லிஸ் கல்லூரி. ஒரு குழந்தை பிறந்து, படித்து, ஆசிரியராகி, மீண்டும் தன் தரப்புக் குழந்தைகளுக்கே பாடம் சொல்லி, மறுதரப்பாரோடு ஒருமுறைகூட மனம்விட்டுப் பேசாமல் ஓய்வு பெற்றுவிட முடியும் என்ற நிலை!

துப்பாக்கிகளுக்கு நடுவே

1960-களின் இறுதியில், வேலைவாய்ப்பிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் உள்ளாட்சித் தேர்தல்களிலும் தங்களுக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டை எதிர்த்துக் கத்தோலிக்கர்கள் குடியுரிமை இயக்கம் நடத்தினார்கள். அதைத் தொடர்ந்த மோதல்கள் 1969-இல் பெருங்கலவரமாயின. பிரிட்டிஷ் இராணுவம் தெருவில் இறங்கியது. பெல்ஃபாஸ்டில் இரு தரப்பாரின் குடியிருப்புகளுக்கு இடையே அவ்வாண்டே தடுப்புச் சுவர்கள் எழுந்தன. அவற்றுக்கு 'அமைதிக் கோடுகள்' என்று பெயரிட்டது வரலாற்றின் கசப்பான நகைச்சுவை. அடுத்த முப்பதாண்டுகளில் 3,500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்குள்ளவர்கள் அக்காலத்தைத் 'தொல்லைகள்' என்ற அடக்கமான சொல்லால் குறிப்பிடுவார்கள்.

பள்ளிகள் என்ன செய்தன? பெரும்பாலும் மௌனம் காத்தன. வெளியே குண்டு வெடிக்கும்போது உள்ளே வழக்கம்போல் பாடம் நடத்துவதே தங்கள் கடமை என்று ஆசிரியர்கள் கருதினார்கள். அதில் நியாயமும் இருந்தது. பல குழந்தைகளுக்குப் பள்ளி ஒன்றே அச்சமின்றி அமரக்கூடிய இடமாக இருந்தது. ஆனால் தெருவில் கண்டதைப் பற்றிப் பேச அவர்களுக்கு இடமே இல்லாமல் போனது.

இம்மௌனத்தை உடைக்க முயன்றவர்கள் சிலர் உண்டு. பெல்ஃபாஸ்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த ஜான் மலோன், 1970-இல் இரு தரப்புப் பள்ளிகளையும் இணைத்துச் சமூக உறவுகளுக்கான ஒரு திட்டத்தைத் தொடங்கினார். 1974 முதல் 1980 வரை, கோல்ரெய்னில் இருந்த பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்கில்பெக் தொடங்கிய பண்பாட்டு ஆய்வுத் திட்டம் பாடநூல்களையும் பயிற்சிகளையும் உருவாக்கியது. ஆசிரியர்களும் தம்மை அறியாமலேயே பிரிவினைப் பண்பாட்டைச் சுமந்து சென்று குழந்தைகளிடம் சேர்க்கிறார்கள் என்று ஸ்கில்பெக் சுட்டிக்காட்டியது பலரைச் சுட்டது.

இன்னொரு பக்கம் பெற்றோர் சிலர் கூடி 1974-இல் 'எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக' என்ற பொருள்தரும் பெயரில் ஓர் அமைப்பை நிறுவினார்கள். சட்டம் மாறும்வரை காத்திருந்தார்கள். சட்டம் மாறியும் எந்தப் பள்ளியும் மாறாததால் தாங்களே பள்ளி தொடங்கினார்கள். 1981 செப்டம்பரில், பெல்ஃபாஸ்டின் தென்பகுதியில் இருந்த ஒரு சாரணர் கூடத்தில், 28 மாணவர்களோடு லேகன் கல்லூரி என்னும் ஒருங்கிணைந்த உயர்நிலைப் பள்ளி பிறந்தது. 1985-இல் ஒருங்கிணைந்த தொடக்கப் பள்ளிகளும் தோன்றின.

ஏட்டில் ஏறிய அமைதி

அரசும் விழித்துக்கொண்டது. 1982-இல் கல்வித் துறை வெளியிட்ட சுற்றறிக்கை, குழந்தைகள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவும் மதிக்கவும் உதவுவது ஒவ்வோர் ஆசிரியரின், ஒவ்வொரு பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு என்று அறிவித்தது. 1989-ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்த ஆணை 'பரஸ்பரப் புரிதலுக்கான கல்வி' என்பதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. 1992 முதல் அது எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாயிற்று. தன்னையும் பிறரையும் மதித்தல், முரண்பாட்டைப் புரிந்துகொள்ளுதல், ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்வதை உணர்தல், பண்பாடுகளை அறிதல் என்று நான்கு நோக்கங்கள் வகுக்கப்பட்டன. இது தனிப் பாடமன்று. எல்லாப் பாடங்களின் ஊடாகவும் இழையோட வேண்டியது. இரு தரப்புப் பள்ளிகள் சேர்ந்து சுற்றுலாவோ செயல்திட்டமோ மேற்கொண்டால் அரசு பணம் தந்தது. ஆனால் அந்தச் சந்திப்பு கட்டாயமில்லை.

உள்நாட்டுக் கலவரம் ஓயாத ஒரு நிலப்பகுதியில் அமைதிக் கல்வியைச் சட்டத்தாலேயே எல்லாப் பள்ளிகளுக்கும் உரியதாக்கியது சிறிய செய்தியன்று. ஆனால் எல்லாப் பாடத்திலும் இருக்க வேண்டியது எந்தப் பாடத்திலும் இல்லாமல் போகும் என்பது பள்ளிக்கூடம் அறிந்தவர்களுக்குத் தெரிந்த உண்மை. 1990-களில் வெளிவந்த மதிப்பீடுகள் இதையே கூறின. கூட்டுச் சுற்றுலாக்களில் குழந்தைகள் ஒரே இடத்துக்குப் போனார்கள். ஆனால் தத்தம் தோழர்களோடுதான் பெரும்பாலும் பழகினார்கள். ஆசிரியர்கள் மிகுந்த பண்போடு நடந்துகொண்டார்கள். மதம், கொடி, காவல்துறை, கொலை ஆகியவற்றைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே அந்தப் பண்பாயிற்று. முரண்பாட்டைப் புரிந்துகொள்வதற்காக வகுக்கப்பட்ட பாடம் முரண்பாட்டைத் தவிர்ப்பதற்கான கலையாக மாறிவிட்டது!

ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் எவர் வீட்டில் எவர் இறந்தார், எவர் சிறையில் இருக்கிறார் என்பது தெரிந்த வகுப்பறையில், தகுந்த பயிற்சியின்றி அப்பேச்சை எடுக்க யாருக்குத் துணிவு வரும்? அமைதி என்ற கருத்து அவர்களிடம் இருந்தது. அதற்கான கைத்திறன் இல்லை. அக்கைத்திறன் வேறொரு திசையிலிருந்து வந்தது.

டெரி நகரத்துப் பிள்ளைகள்

அமெரிக்காவில் வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலங்கள் நடந்த காலத்தில், நியூயார்க் நகரத்துக் குவேக்கர்கள், ஊர்வலங்களில் வன்முறை மூளாமல் காக்கும் தொண்டர்களைப் பயிற்றுவித்து வந்தார்கள். வளர்ந்தவர்களுக்கு அகிம்சையைக் கற்பிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கண்ட அவர்கள், 1972-இல் நகரத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளுக்கான ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பிறரைப் பாராட்டுதல், செவிமடுத்தல், கூடிச் செயலாற்றுதல் ஆகிய மூன்றையும் விளையாட்டுகளின் வழியே பழக்கிய பின்னரே சண்டையைத் தீர்க்கும் பயிற்சிக்கு வருவது அவர்கள் கண்ட வழி. 1982-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில், அக்கம்பக்கத்துச் சச்சரவுகளைத் தீர்த்துவந்த ஓர் அமைப்பு, அதே முறையைப் பள்ளி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, மாணவர் சண்டையை மாணவரே தீர்க்கும் ஏற்பாட்டை உருவாக்கியது.

இவ்விரு ஓடைகளும் வட அயர்லாந்தில் வந்து கலந்த இடம் டெரி நகரம். அந்நகரின் பெயரே ஒரு வழக்கு. கத்தோலிக்கர் பெரும்பாலும் டெரி என்பார்கள். புராட்டஸ்டண்டுகள் பலர் லண்டன்டெரி என்பார்கள். (எழுதுவதற்குச் சுருக்கமான பெயரையே இங்கே கையாள்கிறோம்; வேறு உள்நோக்கம் இல்லை.) ஃபாயில் ஆற்றின் மேற்கே பெரும்பாலும் கத்தோலிக்கர், கிழக்கே புராட்டஸ்டண்டுகள் கூடுதல். 1972 ஜனவரி 30 அன்று நிராயுதபாணியான ஊர்வலத்தினர் மீது இராணுவம் சுட்டு 13 பேர் அன்றே இறந்தது இந்நகரில்தான். இங்குள்ள மகீ கல்லூரியில் 1988-இல் குவேக்கர் அமைதிக் கல்வித் திட்டம் தொடங்கியது. அதை வழிநடத்தியவர் ஜெர்ரி டிரெல். 1990-களில் அவரும் அவர் குழுவினரும் தொடக்கப் பள்ளிகளின் கடைசி வகுப்பில் பயிலும் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குச் 'சக மாணவர் சமரசம்' பழக்கினார்கள். 1994 முதல் அப்பணி புதிய பெயரில் பல்கலைக்கழகத் திட்டமாகத் தொடர்ந்தது.

எப்படி நடக்கும் இச்சமரசம்? ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். இடைவேளையில் கால்பந்து ஆடும்போது பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று இரு பிள்ளைகளுக்குள் சண்டை மூள்கிறது. ஒருவன் தள்ளிவிட, மற்றவன் வசைபாடுகிறான். சமரசர்களான இரு பிள்ளைகள் அருகே வந்து, 'பேசித் தீர்த்துக்கொள்ள விருப்பமா?' என்று கேட்கிறார்கள். இருவரும் இசைந்தால் மட்டுமே அடுத்த படி, வற்புறுத்தல் கிடையாது. அமைதியான ஒரு மூலையில் அமர்கிறார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கிடக்கூடாது, பட்டப்பெயர் சொல்லக்கூடாது, உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற விதிகளுக்கு முதலில் ஒப்புதல் பெறப்படுகிறது. பிறகு ஒருவர் தன் தரப்பைச் சொல்கிறார். சமரசர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி, 'நான் சொன்னது சரிதானா?' என்று கேட்கிறார். மற்றவருக்கும் அவ்வாறே. நடந்தபோது மனம் என்ன பாடுபட்டது என்பதை இருவரும் சொல்கிறார்கள். இனி என்ன செய்யலாம் என்று இருவருமே யோசனைகளை அடுக்குகிறார்கள். இருவருக்கும் உடன்பாடானது எதுவோ அது ஒரு தாளில் எழுதப்படுகிறது, இருவரும் கையெழுத்திடுகிறார்கள்.

நம் கிராமத்துப் பஞ்சாயத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பஞ்சாயத்தில் பெரியவர் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். இங்கே சமரசப் பிள்ளை தீர்ப்புச் சொல்லவே கூடாது. கோவூர் கிழாரைப் போல அறிவுரையும் கூறக்கூடாது. யார் பக்கம் நியாயம் என்பது பளிச்சென்று தெரிந்தாலும் நாவை அடக்கிக்கொண்டு கேள்வி மட்டும் கேட்க வேண்டும். 'மன்னிப்புக் கேள்' என்று சொல்லிவிடத் துடிக்கும் நாக்கைக் கட்டுவது பெரியவர்களுக்கே அரிது. அப்படியும் பத்து வயதுப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதே டெரி நகரத்து அனுபவம்.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத் தக்கது. அடிதடி, திருட்டு, வலியவர் எளியவரைத் தொடர்ந்து துன்புறுத்துவது ஆகியவை பிள்ளைகளின் சமரசத்துக்கு உரியவை அல்ல. அவை ஆசிரியரிடம் செல்ல வேண்டும். சமரசம் என்பது ஏறத்தாழச் சம நிலையில் நிற்கும் இருவருக்கு இடையே மட்டுமே பொருந்தும். ஒருவன் காலின்கீழ் மற்றொருவன் கிடக்கும்போது அவ்விருவரையும் 'பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்பது சமரசமாகாது. குழந்தைகளுக்கான பயிற்சியில் எழுதப்பட்ட இந்த எளிய விதி, நாடுகளுக்கும் சமூகங்களுக்கும் பொருந்துவது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இடர்ப்பாடுகளும் இருந்தன. பயிற்சி பெற்ற பிள்ளைகள் அடுத்த ஆண்டே உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் தம் அதிகாரத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளிடம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆசிரியர் அறைக்குள்ளேயே சச்சரவுகளும் அதட்டல்களும் நிறைந்த பள்ளியில், பிள்ளைகள் மட்டும் பொறுமையாகச் செவிமடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? தலைமையாசிரியர் முதல் மதிய இடைவேளையைக் கண்காணிக்கும் பணியாளர் வரை எல்லோரும் பங்குகொண்டால்தான் இம்முயற்சி வேரூன்றும். ஜெர்ரி டிரெல் 2001-இல் மறைந்தார். தொடக்கப் பள்ளிகளில் சக மாணவர் சமரசம் பற்றி அவர் எழுதிய நூல் 2002-இல் வெளிவந்தது.

ஆர்டாய்ன் சாலை, 2001

1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தானது. ஒருங்கிணைந்த கல்வியை ஊக்குவிப்பதும் அதில் ஒரு வரியாக இடம்பெற்றது. போர் ஓய்ந்தது. ஆனால் மூன்றே ஆண்டுகளில், உலகத் தொலைக்காட்சிகள் அனைத்தும் வட பெல்ஃபாஸ்டின் ஒரு தொடக்கப் பள்ளியை நோக்கித் திரும்பின.

ஹோலி கிராஸ் என்பது நான்கு வயது முதல் பதினொரு வயது வரையிலான சிறுமியர் பயிலும் கத்தோலிக்கப் பள்ளி. அது புராட்டஸ்டண்டுக் குடியிருப்பின் நடுவே, ஆர்டாய்ன் சாலையில் இருக்கிறது. 2001 ஜூன் மாதம், இரு குடியிருப்பினரிடையே எழுந்த தகராறில், சிறுமியர் அச்சாலை வழியே செல்வதைப் புராட்டஸ்டண்டுவாசிகள் மறித்தார்கள். விடுமுறை கழிந்து செப்டம்பர் 3 அன்று பள்ளி திறந்தபோது, காவலர்களும் இராணுவத்தினரும் கவசங்களால் இருபுறமும் சுவர் எழுப்ப, அவ்விடைவெளியில் பெற்றோரின் கையைப் பற்றிக்கொண்டு குழந்தைகள் நடந்தார்கள். வசைகளும் ஊதல் ஒலிகளும் கற்களும் அவர்களை வரவேற்றன. செப்டம்பர் 5 அன்று குண்டொன்று வீசப்பட்டுக் காவலர்கள் காயமுற்றார்கள். நவம்பர் 23 வரை இக்கொடுமை நீடித்தது.

மறித்தவர்களுக்கும் ஒரு குறை இருந்தது. தங்கள் குடியிருப்பு ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது, தாங்கள் தாக்கப்படுகிறோம், எங்கள் சொல் எவர் காதிலும் விழவில்லை என்றார்கள். அக்குறையில் உண்மை இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்த வழி, நான்கு வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேரே கூச்சலிடுவதாக இருந்தது. அதே சாலையில், எதிர்ப்புறம், புராட்டஸ்டண்டுக் குழந்தைகள் பயிலும் தொடக்கப் பள்ளியும் இருந்தது. பரஸ்பரப் புரிதலுக்கான கல்வி கட்டாயமாகி அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. குழந்தைகள் கற்றதைத் தெரு கற்கவில்லை.

மூன்று வயதிலேயே

அடுத்த ஆண்டு, 2002-இல், பால் கானலியும் அவர் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஆறு வயது வரையிலான 352 குழந்தைகளிடம் கொடிகள், கால்பந்துச் சட்டைகள், ஊர்வலங்கள் ஆகியவற்றின் படங்களைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தார்கள். மூன்று வயதிலேயே தம் தரப்புக்குரிய சின்னங்கள்பால் குழந்தைகளுக்குச் சாய்வு தென்பட்டது. ஆறு வயதில் மூன்றில் ஒரு பங்கினர் தாம் எத்தரப்பார் என்பதை அறிந்திருந்தார்கள். ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் மறுதரப்பாரைப் பற்றிப் பகைமைச் சொற்களைக் கூறினார்கள். 'குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியாது' என்ற பெரியவர்களின் ஆறுதல் தகர்ந்தது. தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் அன்று, மழலையர் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. 2004 முதல் மழலையர் பள்ளிகளுக்காகச் சிறு கேலிச்சித்திரப் படங்களும் பொம்மைகளும் கொண்ட ஒரு திட்டம் செயல்படுத்தப்பட்டது.

2007-இல் திருத்தப்பட்ட பாடத்திட்டம், 'தன்வளர்ச்சியும் பரஸ்பரப் புரிதலும்' என்ற தனிப் பகுதியைத் தொடக்கப் பள்ளியின் எல்லா வகுப்புகளுக்கும் சட்டப்படி உரியதாக்கியது. எல்லாப் பாடங்களிலும் கரைந்து காணாமற்போனதற்கு இப்போது தனி இடம் கிடைத்தது. 2016-இல், இரு தரப்புப் பள்ளிகளும் வகுப்புகளைப் பகிர்ந்துகொள்வதை ஊக்குவிக்கும் 'பகிர்வுக் கல்வி'ச் சட்டமும், 2022-இல் ஒருங்கிணைந்த கல்விச் சட்டமும் இயற்றப்பட்டன. எனினும் ஒருங்கிணைந்த பள்ளிகளில் பயில்வோர் மொத்த மாணவர்களில் சுமார் 7 விழுக்காட்டினர் மட்டுமே. லேகன் கல்லூரி பிறந்து நாற்பதாண்டுகளுக்குப் பின்னும் இதுதான் நிலை.

வரலாறு சொல்வது

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடியவை யாவை?

முதலாவதாக, சண்டையைத் தீர்க்கும் திறன் கற்றுக்கொடுக்கக் கூடியதே. அது உபதேசத்தால் வருவதில்லை. நீச்சலைப் போல, தையலைப் போல, செய்துசெய்து பழக வேண்டிய கைத்திறன் அது. 'சண்டை போடாதே' என்று நூறு முறை சொல்லக் கேட்ட பிள்ளையைவிட, ஒரு பந்துச் சண்டையை ஒருமுறை முறையாகத் தீர்த்து வைத்த பிள்ளை அதிகம் கற்கிறது. அதனாலேயே சிறுபிள்ளைச் சண்டைகள் அற்பமானவை அல்ல. எவர் உயிரும் போகாத சண்டையில்தான் அத்திறனைப் பயில முடியும்.

இரண்டாவதாக, அமைதிக் கல்வியின் பெரும்பகை மௌனமே. பண்பு என்ற பெயரில் பேச்சைத் தவிர்த்த பள்ளிகளில் சட்டம் இருந்தும் பயனில்லை. முரண்பாட்டின் பெயரைச் சொல்லக்கூட அஞ்சும் ஆசிரியர், அதைத் தீர்க்கும் வழியைக் கற்பிக்க இயலாது. ஆகவே பயிற்சி முதலில் தேவைப்படுவது ஆசிரியருக்குத்தான்.

மூன்றாவதாகச் சொல்வது சற்றுக் கசப்பானது. பரஸ்பரப் புரிதலுக்கான கல்வியைக் குறைகூறியவர்கள் எழுப்பிய கேள்வி ஒன்றுண்டு: வேலையிலும் வீட்டிலும் வாக்கிலும் இழைக்கப்பட்ட அநீதியைப் 'புரிதல் இன்மை' என்று பெயரிட்டு, அதைச் சரிசெய்யும் பொறுப்பைக் குழந்தைகளின் தலையில் ஏற்றுவது முறையா? டெரி நகரத்துப் பிள்ளைகளின் விதியே இதற்கு விடை. சம நிலையில் இல்லாதவர்க்கிடையே சமரசம் செல்லாது. முதலில் நீதி, பிறகு சமரசம். ஆயின் நீதிக்கான உடன்படிக்கை கையெழுத்தான பிறகும், பேசத் தெரிந்த மனிதர்கள் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை ஆர்டாய்ன் சாலை காட்டிவிட்டது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பழமொழிக்கு வருவோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது மெய்யாக இருக்கலாம். வட அயர்லாந்தின் ஐந்துகளும் பத்துகளும் வளைந்தே கொடுத்தன. கேட்கக் கற்றன, நாவடக்கக் கற்றன, எழுதிக் கையெழுத்திடக் கற்றன. தனித்தனிப் பள்ளிகளையும் தடுப்புச் சுவர்களையும் எழுப்பி வைத்துக்கொண்டு, வளைய மறுத்தவை ஐம்பதுகளே. பிள்ளைகளுக்குச் சமரசம் கற்பிக்கப் புறப்படும் எந்த ஊரும், எந்தப் பள்ளியும், முதலில் தன் ஐம்பதுகளைப் பார்த்து இக்கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது.